மீன் பொரிக்க ஒரு மரத்தளம்

என் மனைவி இரண்டு வருடம் மீன் பொரிக்கவில்லை. குழம்பு வைப்பாள், சொதி வைப்பாள், பொரியல் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால், எண்ணெய் உடம்புக்குக் கூடாது என்பாள். நானும் நம்பித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உண்மை ஒருநாள் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், உடை மாற்றும் அறையில், கூட வேலை செய்பவள் ஒருத்தி இவளுடைய குளிர் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய தன் ஜாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் தூரத்தில் வேறு கொளுக்கியில் மாட்டியிருக்கிறாள். அன்றைக்கு அடுப்பிலிருந்து இறங்கிய பொரிக்கிற தாச்சி பிறகு ஏறவே இல்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நேரே போய் அந்தப் பெண்ணிடம் நாலு கேள்வி கேட்கப்போகிறேன் என்று குதித்தேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. அங்கை வேலை செய்யிறது நான்," என்றாள்.

பேசாமல் இருந்தேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. இங்கே நோர்வேயில், ஹொல்ம்லியாவில், எங்களுடையது ஒரு வரிசை வீடு. பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவில் ஒரு துண்டுப் புல்தரை. சரிவும் ஈரமுமாக இருந்ததால் அதில் ஒரு கதிரைகூட ஒழுங்காக நிற்காது. அங்கே ஒரு மரத்தளம் போட்டு, பக்கத்தில் தனி அடுப்பு உள்ள காஸ் கிரில் ஒன்றை வைத்துவிட்டால், மீன் வெளியே பொரியும், ஜாக்கெட் உள்ளே பத்திரமாகத் தொங்கும். திட்டம் இவ்வளவுதான். குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் கிரில் என்று மட்டும் எழுதினேன். மீன் என்று எழுத எனக்கென்ன பைத்தியமா?

சங்கம், பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றது. அவர் ஓய்வுபெற்றவர், தனி ஆள், புல் வாரும் விளக்குமாறுகளைக்கூட உயர வரிசைப்படி தொங்கவிடுகிறவர். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கேட்கவே கேட்காது என்று நான் நெஞ்சை நிமிர்த்தி வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மரம் வந்து இறங்கியது. விடியத் தொடங்குவோம் என்றேன். மனைவி கலண்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு நவமி. தொடங்கேலாது."

"கிரில்லுக்கு என்னத்துக்கு நாள்?"

"நெருப்பு வைக்கிற இடமெல்லே! அடுப்படிக்கு நாள் பாக்காமல் ஆர் தொடங்குவினம்? ஞாயிறு ஒன்பது பத்திலையிருந்து பத்தரை மட்டும் நல்ல நேரம்."

"ஞாயிற்றுக்கிழமை அடிக்கமாட்டன் எண்டு அந்தாளுக்குச் சொல்லிப்போட்டன்."

"முதல் ஆணி மட்டும் அடியுங்கோ. மிச்சத்தைத் திங்கள் பின்னேரம் பாப்பம்."

நான் மேற்கொண்டு வாதாடவில்லை. மீன் பொரிக்கிற பேச்சையே எடுக்காதவள் அடுப்புக்கு நாள் பார்க்கிறாள் என்றதில் எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்.

ஞாயிறு காலை முதல் சட்டத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். சுத்தியலின் தலையைப் பழைய துவாயால் சுற்றினேன். முதல் அடி அடித்தேன். இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை அமைதியில் அது கதவை அறைந்து சாத்தியது போலக் கேட்டது. இரண்டாவது அடிக்குப் பக்கத்து வீட்டுக்காரருடைய கதவு திறந்தது.

இரவு உடுப்பின் மேல் ஒரு கோட்டு, கையில் கோப்பி. மஞ்சளைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி, தளமும் போச்சு, மீனும் போச்சு என்று நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. நல்ல நேரம், நெருப்பு, மீன், ஜாக்கெட், முகர்ந்து பார்த்தவள் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கொட்டிவிட்டேன். "உதெல்லாத்தையும் ஏன் சொல்லுறியள்?" என்று மனைவி பின்னால் நின்று கிசுகிசுத்தாள்.

"எத்தனை மணி வரைக்கும் அந்த நேரம்?" என்று அவர் கேட்டார்.

"பத்தரை."

உள்ளே போய்விட்டார். சங்கத்துக்குத் தொலைபேசி எடுக்கிறார் என்றே நினைத்தேன். காற்சட்டை போட்டுக்கொண்டு, கருவிப்பெட்டியோடு திரும்பி வந்தார். கையால் சுற்றித் துளை போடும் பழைய கருவி ஒன்று, ஸ்குரூ டிரைவர், ஒரு பெட்டி ஸ்குரூ.

"ஆணிதான் சத்தம் போடும், இது போடாது," என்றார். என் ஆணிப் பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெளியில் போடுகிற பலகைக்கு ஆணி சரிவராது, இரண்டு பனிக்காலம் போனால் கிளம்பி வந்து காலைக் குத்தும் என்றும் சொன்னார்.

அவர் துளை போட, நான் முறுக்க, பத்து இருபதுக்கு முதல் ஸ்குரூ சத்தமில்லாமல் இறங்கியது. அடுத்த நாலு பின்னேரமும் அவரே வந்தார். மட்டம் பார்க்கும் வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் தாச்சியில் எண்ணெய் ஒரு பக்கமாகக் கூடி நிற்கும்.

அந்தக் கோடை முழுக்க மனைவி பொரித்தாள். குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய மிளகாய்த்தூள் பிரட்டிய மக்ரெல் மீன், ஞாயிற்றுக்கிழமைகளில் அறுக்குளா. வாசம் வேலியைத் தாண்டும்போதே பக்கத்து வீட்டுக்காரர் தன் தட்டோடு வந்து நிற்பார்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, புல் வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் பொரிக்க, நான் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது துண்டில்தான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, ஜாக்கெட்!"

அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றாள், கழுத்துவரை இழுத்துப் பூட்டி. ஜாக்கெட்டைக் காப்பாற்ற அடுப்பை வெளியே கொண்டுவந்தோம். அடுப்புக்குப் பின்னால் ஜாக்கெட்டும் வந்துவிட்டது. பலகையை அங்குலம் அங்குலமாக அளந்தவனுக்கு, இந்த ஊரில் வெளியே நின்றால் குளிரும் என்பது ஞாபகம் வரவில்லை.

அவள் ஜாக்கெட்டின் கையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நாளைக்கு என்ரையைப் போட்டுக்கொண்டு போம்," என்றேன்.

"உங்கடைக்குள்ளை ரெண்டு பேர் போகலாம்," என்றவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள். அதற்குள் தாச்சியில் இருந்த துண்டு கருகிப்போனது.

மறுநாள் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். டிராம் ஓட்டுகிற எனக்கு அன்று முழுவதும் மனம் அவள் வேலையிடத்திலேயே நின்றது. பின்னேரம் அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தவுடன் கேட்டேன்:

"அவ ஏதும் சொன்னவவே?"

"அவ சொல்ல முந்தி நானே சொல்லிப்போட்டன், நேற்று மீன் பொரிச்சனான் எண்டு."

"அதுக்கு?"

"ஓ எண்டவ. பிறகு ரெண்டு பேரும் வேலையைப் பாக்கப் போயிட்டம்."

ஜாக்கெட்டைக் கழற்றி என்னுடையதன் மேலேயே மாட்டிவிட்டு, குளிர்பெட்டியில் இன்னும் எத்தனை துண்டு மீன் கிடக்கிறது என்று கேட்டாள்.