ஹலோ அக்கா எழுதிய சீட்டுகள்

எங்கள் பாப் பாட்டு வானொலி ஒரு டயர் கடையின் மாடியில், இரண்டே அறைகளில் ஆரம்பித்தது. எதிரொலியை அடக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். இசைத்தட்டு அலமாரி என் பொறுப்பு. நேயர்கள் போனில் கேட்கும் பாட்டை அவர்கள் பெயர், நம்பரோடு சீட்டில் எழுதுவது ஹலோ அக்காவின் வேலை. போனை எடுத்து ஹலோ சொல்லியே வந்த பெயர். வேலையில்லாத கணவரையும் இரண்டு பெண்களையும் அந்த ஒரு சம்பளத்தில்தான் கரையேற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் பாப்பேன். கேக்க ஆள் இல்லன்னா இழுத்து மூடிருவேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சீட்டுகள் குவிந்தன. எனக்கோ பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தினம் நாற்பது பேர் கேட்கிறார்கள், ஒருவர்கூட நம்மிடம் இல்லாத பாட்டைக் கேட்பதில்லையே? என் அலமாரியில் இருப்பது ஊருக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது நாலே தடவை. அதில் மூன்று, டயர் விலை கேட்டு.

"அக்கா, இந்தப் பேரெல்லாம் யாரு?"

அவர் நிமிரவே இல்லை. "டெலிபோன் டைரக்டரியில இருக்கறவங்க."

"எல்லாம் புளுகா?"

"போய் முதலாளிகிட்ட போட்டுக் குடு தம்பி. நாளைக்கே மூடுவாரு. அப்புறம் நீயும் கீழ போய் டயர் உருட்டு."

கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் பிழைப்பும் அதில்தானே இருந்தது!

மூன்றாம் மாதக் கடைசியில் முதலாளி வந்தார். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குவிந்திருந்த சீட்டுகளிலிருந்து பத்தை உருவினார்.

"இவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் பரிசு. நானே போன் பண்றேன்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். அக்காவின் முகம் வெளுத்தது.

"நீங்க கேட்ட பாட்டுக்குப் பரிசு விழுந்திருக்கு. நீங்கதானே கேட்டது?"

முதல் ஆள் ஒரு நொடி யோசித்தார். "ஆமா சார், நானேதான்! டெய்லி கேப்பேன்!"

இப்படியே ஒன்பது பேரும் கூசாமல் ஆமாம் போட்டார்கள். பத்தாவது ஆள் ஒரு தையல்காரர். "எங்க வீட்ல ரேடியோவே கிடையாதுங்களே. வேற யாராவது இருக்கும், பாருங்க" என்றார் பொறுமையாக.

முதலாளி போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒம்பது பேரு ஒழுங்கா ஒத்துக்கிட்டாங்க. இவன் ஒருத்தன் புளுகுறான் பாரு!" அந்தப் பெயரை மட்டும் அடித்தார். நிலையம் தப்பித்தது.

அக்கா சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். "அந்த மனுஷனைப் போய்ப் புளுகன்னுட்டாரே... நானும் கல்லு மாதிரி நின்னேனே தம்பி."

ஞாயிற்றுக்கிழமை அக்கா டைரக்டரியில் விலாசம் பார்த்து, தன் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் வாயை அடைக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். பாவி, அப்போதும் எனக்குப் புத்தி அப்படித்தான் போனது.

தையல்காரர் ரேடியோவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எதுக்கும்மா? நான் எதையும் கேக்கலையே?"

முதலாளியிடம் மூன்று மாதமாகச் சொல்லாததை அக்கா அந்த வாசலில் சொன்னார்.

"நீங்க கேக்கலைங்க. உங்க பேரை நான்தான் எழுதினேன்."