வெட்டப்படாத பூந்தலைகள்

ஆர்சேனி இக்னாத்திச்சின் தோட்டக் குறிப்பேட்டில் கடைசிப் பதிவு 2009 ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குரியது. “பாத்தி 4. புகைநிறம். தண்டுகள் பதினொன்று. உயரம் எண்பத்து நான்கு சென்டிமீட்டர். முதல் பூ ஜூலை 27. கயிறு கட்டியாயிற்று.” ஆறு நாள் கழித்து, அந்தப் பாத்திக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவே விழுந்து அவர் இறந்தார். அதன்பின் கட்டம்போட்ட தாள்கள் நான்கு ஆண்டுகளுக்கு வெறுமையாக இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவருடைய மனைவி ரயீசா மத்வேயவ்னா என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதை அவரும் என் அத்தை ஸோயாவும் சொன்னவற்றிலிருந்து பின்னால் தொகுத்துக்கொண்டேன்.

ரஷ்யாவின் கஸ்த்ரமா நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடம். ஆளிச்செடி நாரில் துணி நெய்யும் ஆலையின் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்த தோட்ட மனைகளில் அத்தையின் மனையும் ரயீசாவின் மனையும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்பவை. ஆர்சேனி ஆலையில் தறி பழுதுபார்ப்பவர். ரயீசா நார் தரம் பிரிப்பவர். வயலில் இரவுப்பனியில் சரியாக ஊறிய நார் எது, ஒருநாள் கூடுதலாகக் கிடந்தது எது என்பதை அதன் சாம்பல் நிறத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த வேலை.

புகைநிற ஃப்ளாக்ஸ் (இது ஆளி அல்ல, கொத்துக்கொத்தாகப் பூக்கும் தோட்டப் பூச்செடி) பிழைத்ததே அந்தக் கண்ணால்தான். ஆர்சேனி ஆண்டுதோறும் ஃப்ளாக்ஸ் விதை சேர்த்து, பனிக்காலத்துக்கு முன் பெட்டியில் விதைத்து, இரண்டாம் கோடையில் பூப்பவற்றில் தேறாதவற்றைப் பிடுங்கி எறிவார். 1998இல் பூத்த நாற்பது நாற்றுகளில் ஒன்று நண்பகல் வெயிலில் மங்கிய ஊதாவாக, கறை படிந்ததுபோல் நின்றது.

“இது துவைக்காத சட்டை. பிடுங்கிடறேன்” என்றார் ஆர்சேனி.

“மண்வெட்டிய வையி. சாயங்காலம் வந்து பாரு.”

“சாயங்காலம் பாத்தா எல்லாக் கழுதையும் குதிரைதான்.”

“நான் சாம்பல் நிறத்த வெச்சே சோறு தின்னவ. வையின்னா வையி.”

வெயில் தாழ்ந்ததும் அந்தப் பூக்கள் நீலம் ஏறி, தோட்டத்து வெந்நீர்க் குளியலறையின் புகைபோக்கியிலிருந்து எழும் விறகுப்புகையின் நிறத்துக்கு மாறின. ஆர்சேனி வெகுநேரம் அதன்முன் குந்தியிருந்தார் என்று ரயீசா சொன்னார். பிறகு நகரத்து மலர்க் கண்காட்சிக்கு அதை மூன்று முறை கொண்டுபோனார். ஆனால் ஒருவருக்கும் செடியில் ஒரு துண்டு கொடுக்கவில்லை. எங்கள் மனைகளில் இது வழக்கத்துக்கு மாறானது. இங்கே நல்ல செடி யாரிடம் இருந்தாலும் இலையுதிர்காலத்தில் மண்வெட்டியால் பிளந்து, செய்தித்தாளில் சுற்றி, வேலிக்கு மேல் நீட்டிவிடுவார்கள். நம் பாத்தியில் செத்தால் அடுத்தவர் பாத்தியில் இருக்கும் என்பதே கணக்கு. ஆர்சேனி மட்டும், “குணம் நெலச்சு நிக்குதான்னு பத்து வருஷம் பாத்துட்டுத்தான் தருவேன்” என்றார். 2008இல் பத்தாண்டு முடிந்தது. அடுத்த செப்டம்பரில் முதல் துண்டு ஸோயாவுக்கு என்று வாக்களித்தார். அந்தச் செப்டம்பருக்கு அவர் இல்லை.

ஃப்ளாக்ஸுக்குச் செய்யவேண்டியவை அதிகமில்லை, ஆனால் தவறாமல் செய்யவேண்டும். பூத்து முடிந்த தலையை விதை முற்றுவதற்குள் வெட்ட வேண்டும். அக்டோபரில் தண்டுகளை அறுத்து, மேலெழும்பி வரும் அடிக்கிழங்கை மட்கு எருவால் மூட வேண்டும். மூடாவிட்டால் உறைபனி அரும்புகளைத் தின்னும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் நடுப்பகுதி கட்டையாகிவிடும். இவற்றையெல்லாம் ஆர்சேனிதான் செய்தார். நாலாம் பாத்தியில் வேறு யாரும் கைவைத்ததில்லை.

இறுதிச் சடங்குக்கு மூன்று வாரம் கழித்து, கத்தரிக்கோலோடு வந்த ஸோயாவை ரயீசா பாத்தி ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்.

“தலையெல்லாம் வாடிப்போச்சு ராயா. நறுக்கிடுவோம்.”

“வேணாம்.”

“அவரு இருந்தா இந்நேரம் நறுக்கியிருப்பாரு.”

“அவரு கட்டுன முடிச்சு அது. பதினோரு முடிச்சு. ஒண்ணுமேலயும் இரும்பு படக்கூடாது.”

ஸோயா கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் மழையின்றிக் காய்ந்தது. பிற்பகல்களில் ரயீசா முக்காலியைப் பாத்தியருகே இழுத்துப்போட்டு, கறுப்பு ரொட்டியும் தேநீருமாக உட்கார்ந்திருப்பார். பழுத்த விதைக்கூடுகள் வெயிலில் வெடிக்கும். டிக், டிக் என்று, யாரோ விரல் சொடுக்குவதுபோல. ஆர்சேனிக்கு யோசிக்கும்போது விரல் சொடுக்கும் பழக்கம் இருந்தது. “பேச்சுத் துணைக்கு இது போதும்” என்று ரயீசா ஸோயாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கல்லறைக்கென்று இரண்டே இரண்டு தலைகளைக் கையால் ஒடித்துக்கொள்வார், இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பது வழக்கம். மற்றவை பனி விழுந்து மூடும்வரை நின்றன.

2010 இலையுதிர்காலத்தில் ஸோயா தனக்கு வாக்களித்த துண்டைக் கேட்டார்.

“தோண்டினா செத்துடும்” என்றார் ரயீசா.

“தோண்டாட்டிதான்டி சாகும். இது என்ன ஊறுகாயா, மூடி வெச்சா கெடாம இருக்க?”

“அவரு கையால குடுத்திருக்கணும். அவரு போயிட்டாரு. விட்டுடு ஸோயா.”

இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு முட்டைக்கோஸ் ஊறப்போடும் நாள் வந்தது. ஸோயாவிடம் நல்ல பீப்பாய் இல்லை, ரயீசாவிடம் உப்பு இல்லை. பேச்சு மறுபடி தொடங்கியது. செடியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

2014இல் தாவரவியல் இரண்டாமாண்டு படிக்கும்போது கோடை விடுமுறைக்கு நான் அத்தை வீட்டுக்கு வந்தேன். ஆர்சேனியின் குறிப்பேட்டைக் கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டேன். ரயீசா ஒரு பென்சிலைக் கொடுத்தார். என் முதல் பதிவு: “பாத்தி 4. தண்டுகள் பதினேழு. புகைநிறம் ஆறு. பீட்ரூட் நிறம் பதினொன்று.”

“நெறம் மாறுது கிளேபு. ரெண்டு வருஷமாவே இப்படித்தான். முதல்ல ஒரு தண்டு, அப்புறம் நாலு. அவரத் தேடி ஏங்குது.”

வேலிக்கு அப்பாலிருந்து அத்தை, “ஏக்கமா? ஓய்வு வாங்குன ஆம்பள மாதிரி, கவனிக்க ஆளில்லன்னா பழைய குணத்துக்குத் திரும்பிடும்” என்றார். ரயீசாவே சிரித்துவிட்டார். இந்த மனைகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்: ஃப்ளாக்ஸ் சீரழியும், வளர்ப்புக் குணம் உதிர்ந்து காட்டுநிறம் வரும். நானும் “குணம் திரும்புதல்?” என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறி போட்டவன் அன்றே குனிந்து அடிமண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அடுத்த கோடையில் புகைநிறம் மூன்று. அதையும் நேர்த்தியாக எழுதிவைத்தேன்.

2016 ஆகஸ்டில் ஒன்று. உயரம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். சுற்றிலும் மார்பளவு வளர்ந்த பீட்ரூட் நிறத் தலைகளுக்கு இடையில் அது வெளிச்சமின்றி வளைந்து நின்றது. அடியிலைகள் சாம்பல் நோயில் வெளுத்திருந்தன. காற்றுக்கு வழி வேண்டுமென்று ஓரத்துத் தண்டொன்றைப் பிடித்து இழுத்தேன். அது முறியவில்லை. தன் சொந்த வேரோடு, தனியாக, கைக்கு வந்தது. இன்னொன்றை இழுத்தேன். அதுவும்.

ரயீசா வாளியோடு பின்னால் நின்றிருந்தார்.

“என்ன பண்றே?”

“ரயீசா மத்வேயவ்னா, இது அந்தச் செடியோட தண்டு இல்ல. இது வேற செடி.”

“அவரு இங்க வேற செடி வெக்கலயே.”

“யாரும் வெக்கல. விதை விழுந்து மொளச்சது. ஃப்ளாக்ஸ் விதை தாய் மாதிரி வராது, பெரும்பாலும் இந்த நெறந்தான் வரும். தாயவிட முரட்டுத்தனமா வளரும். நெறம் மாறவே இல்ல. இதுங்க உள்ள நொழஞ்சு அத நெருக்கிடுச்சுங்க.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். இதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது, அப்போது தோன்றவில்லை.

“விதைன்னா, அந்த டிக் டிக்குன்னு…”

“ஆமா. கூடு வெடிச்சுத் தெறிக்கிறது.”

“நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் கிளேபு” என்றார் ரயீசா. “தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு, கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

மறுநாள் காலை அவரே வந்து, காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். முயலலாம் என்றேன். அந்த ஒற்றைத் தண்டில் ஆளிநூல் ஒன்றை அடையாளமாகக் கட்டினார். செப்டம்பர் பத்தாம் தேதி மூவருமாகப் பாத்தியைத் தோண்டினோம். ஆர்சேனியின் முடிச்சுகளை அன்றுதான் ரயீசா அறுத்தார். கயிறு மக்கிப்போயிருந்ததால் கத்தி தேவைப்படவில்லை.

கட்டி மேலே வந்ததும் அத்தை சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். நடுவே பழைய அடிக்கிழங்கு, மண்ணுக்கு மேல் நான்கு விரல் எழும்பி, உறைபனியில் வெடித்து, உலர்ந்த விறகாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரே ஓர் உயிருள்ள முனை. அதிலிருந்துதான் நூல் கட்டிய தண்டு. சுற்றியிருந்த வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. முனையை அறுத்தெடுத்து, ஃப்ளாக்ஸே வளர்ந்திராத இடத்தில், மணலும் மட்கும் கலந்த குழியில் நட்டோம். ஃப்ளாக்ஸ் வேர்த்துண்டிலிருந்தும் துளிர்க்கும். வேர்த்துண்டு விதைபோல் ஏமாற்றாது, தாயின் நிறத்தையே கொடுக்கும். ஆகையால் பழைய கிழங்கை ஒட்டிய வேர்களில் பென்சில் தடிமனுள்ள பதினாலு துண்டுகளை ஒரு பெட்டியில் படுக்கவைத்து மண்போட்டு நிலவறையில் வைத்தோம்.

2017 மே: குழியில் நட்ட முனை வரவில்லை. தோண்டிப் பார்த்தபோது விரலில் கரைந்தது. பெட்டியில் மூன்று துளிர்கள் வந்தன.

அந்த மூன்றையும் வேறு பாத்தியில் நட்டு ரயீசா இரண்டு கோடைகள் உழைத்தார். இலை நனையாமல் வேருக்கு மட்டும் நீர், அதுவும் வெயில் படவைத்த நீர். அக்டோபரில் மட்கு எருவை உள்ளங்கையால் அளந்து மூடினார். ஆர்சேனியின் குறிப்பேட்டை முதன்முறையாக முழுவதும் படித்து, அவர் செய்ததை நாள் தவறாமல் செய்தார். குளிரில் நகரத்துக்குத் திரும்பியபோதும், பனி போதாத வாரங்களில் உள்ளூர் ரயிலேறி வந்து, பாதையிலிருந்து பனியை வாரிச் செடிமேல் குவித்துவிட்டுப் போனார்.

“எனக்கு இவ்வளவு போர்வை போத்தியிருப்பியாடி?” என்றார் அத்தை.

“உனக்கு முதுகுல ரோமம் இருக்கு.”

2018 ஜூலை இருபதாம் தேதி மூன்று செடியிலும் மொட்டுகள் திரண்டிருந்தன. இன்னும் ஒன்றும் விரியவில்லை. ரயீசா குனிந்து, ஒரு மொட்டை நார் பார்ப்பதுபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் திருப்பினார். பிறகு காம்பைப் பார்த்தார். காம்பு கருஞ்சிவப்பாக இருந்தது.

“இது அது இல்ல.”

“மொட்டு வாயத் தொறக்கட்டும் ராயா” என்றார் அத்தை.

“தொறக்க வேணாம். அதோட காம்பு பச்சையா இருக்கும். எனக்குத் தெரியாதா.”

ஒரு வாரத்தில் மூன்றும் பூத்தன. மூன்றும் பீட்ரூட் நிறம். பின்னிக் கிடந்த வேர்களில் உயிரோடிருந்தவை அந்நிய வேர்கள். நாங்கள் தேர்ந்து, படுக்கவைத்து, இரண்டு குளிர்காலம் காத்தது அவற்றைத்தான். பதினாலு துண்டில் ஒன்றாவது அதனுடையதாக இருந்திருக்கலாம். முளைக்காத பதினொன்றில் அது இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

அத்தை வேலியைச் சுற்றி வந்து ரயீசாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “இதுங்களும் அதோட பிள்ளைங்கதானே. அவரு செடியோட ரத்தம்தானே.”

“பிள்ளைங்கதான்” என்றார் ரயீசா. “அவரத் தெரியாத பிள்ளைங்க.” அத்தையின் பக்கம் திரும்பி, “நீ கேட்டப்பவே உனக்குக் குடுத்திருந்தா இன்னிக்கு உன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும். இல்ல ஸோயா?”

எட்டாண்டுகளாகத் தொண்டையில் வைத்திருந்ததை அத்தை இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “என் களிமண்ல எது தங்கியிருக்கு” என்றார். அது பொய். அத்தையின் மண் நல்ல மண்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ரயீசா கல்லறைக்கு வெறுங்கையோடு போனார். களை பிடுங்கிவிட்டு, இரும்பு வேலியைத் துடைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அவ்வாண்டும் செப்டம்பர் காய்ந்தது. பிற்பகலில் நான் குறிப்பேட்டோடு போனபோது ரயீசா ஆர்சேனியின் கத்தரிக்கோலால் நாலாம் பாத்தியில் மண்ணில் விட்டுப்போன வேர்களிலிருந்து மீண்டும் வளர்ந்திருந்த பீட்ரூட் நிறப் பூந்தலைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். விதைக்கூடுகள் இன்னும் பச்சையாக இருந்தன, சரியான பருவம். ஆர்சேனி குறிப்பேட்டில் எழுதியிருந்தபடியே, முதல் சோடி இலைக்கு மேல், சாய்வாக.

“இப்ப எதுக்கு ராயா?” என்று அத்தை வேலியோரத்திலிருந்து கேட்டார். “அதுல இனி காப்பாத்த என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அப்புறம்?”

“சத்தம் கேக்க வேணாம்னுதான்” என்றார் ரயீசா, அடுத்த தலையைப் பிடித்துக்கொண்டே.

நான் எழுதினேன்: “பாத்தி 4. புகைநிறம்: இல்லை.”