பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கம்

தாறுமாறாகத் துடித்த இதயத்தைச் சரிசெய்ய, தஞ்சாவூர் மருத்துவமனையில் அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் தொடை வழியாகக் குழாய் விட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர். குத்தாலத்தில் நெல் வியாபாரம். நரைத்த மீசை, கனத்த உடம்பு. படுத்ததும் குறட்டை விடுவார். நான் என் துடிப்பைக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடப்பேன்.

செக்கப்புக்குப் போனபோதும் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்ததும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“உங்களுக்குப் படபடப்பே வர்றதில்லைங்களா?”

“வருதுங்க. வந்தா இவளை எழுப்பிச் சொல்லிடுவேன். அப்புறம் இவ முழிச்சிக்கிட்டு இருப்பா, நான் தூங்கிடுவேன்.”

“நெஞ்சுல கையை வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்” என்று அந்த அம்மாள் சிரித்தார். கண்கள் சிவந்திருந்தன.

இருவர் இதயமும் நன்றாக இருக்கிறது, இனி வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். மறுநாளே பூதலூரில் என் வயலில் இறங்கினேன். மண்வெட்டி பிடித்து நானே மடை திறந்தேன், மூச்சு வாங்கவில்லை. என் மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கேட்டபோது, “நல்லா இருக்கேன்ப்பா” என்றேன். பொய் இல்லை. ஆனாலும் அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.