சுவரில் ஒட்டிய காதணி விழா

மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று கறுப்புப் பெயிண்டில் எழுதியது நான். அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு போஸ்டரை ஒட்டச் சொல்லிக் காசு கொடுத்ததும் நான்தான். அதைப் பற்றி இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

தனியார் கல்லூரியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பென்ஷன் கிடையாது. சும்மா இருக்க முடியாமல் ஒரு டியூஷன் சென்டர் தொடங்கினேன். அதற்காக வீட்டை வங்கியில் அடமானம் வைத்தேன். மனை, என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்தது. பத்திரம் அவள் பெயரில். கையெழுத்துப் போட அழைத்துப் போனபோது, "எங்கெங்க போடணும்?" என்று மட்டும் கேட்டாள். பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினேன். சென்டர் இரண்டு வருடம்கூட ஓடவில்லை. தவணைகள் நின்றன.

வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. என் பெயருக்கு ஒன்று, அவள் பெயருக்கு ஒன்று. அவளுக்குத் தெரியாமல் இரண்டையும் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினேன். வாங்காவிட்டால் வந்ததாகாது என்று நினைத்தேன் என்று சொன்னால் பொய். வாங்க மறுத்தால் வாசலில் ஒட்டிவிட்டுப் போகலாம், அதுவே போதும் என்பதை வருடா வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

அப்படியே நடந்தது. மனைவி சோழவந்தானில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த சமயம் வங்கி அதிகாரி வந்தார். சின்ன வயது. சுவரில் அறிவிப்பை ஒட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அறுபது நாளுக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வீடு வங்கியின் கைக்குப் போகும். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"சார், நீங்களே ஆள் பாத்து நல்ல வெலைக்கு வித்துருங்க. கடனைக் கழிச்சது போக மிச்சம் உங்களுக்கு. ஏலத்துக்குப் போனா அடிமாட்டு வெலைக்குக் கேப்பாக. மொத்தமாக் கட்டுறேன்னு எழுதிக் குடுத்தா வட்டியைக் கொறைக்கச் சொல்லியும் கேட்டுப் பாக்கலாம்."

"மஞ்சக் கடுதாசி குடுத்தா?" என்றேன். திவால் மனுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"வீட்டையே எழுதிக் குடுத்திருக்கீக. மஞ்சக் கடுதாசி குடுத்தாலும் வீடு எங்க பக்கந்தான் நிக்கும். மொதல்ல மேடம்கிட்டச் சொல்லுங்க சார்."

சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் பால் வாங்கப் போனபோது, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒருவர் காதணி விழா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டச் சொன்னேன். அவர் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒட்டுனா வெரட்டுவாகண்ணே. கூப்பிட்டு ஒட்டச் சொல்ற மொத ஆளு நீங்கதேன். சொந்தக்காரக விசேசமா?"

"ஆமா."

"இதுல மாமன்மாரு மட்டும் பதினாலு பேரு படத்துல நிக்கிறாக. நீங்க எதுல நிக்கிறீக?"

ரூபாயை நீட்டினேன். அறிவிப்பு முழுவதும் மறையும்படி ஒட்டினார்.

அடுத்த வாரம் மைத்துனர் தங்கையைக் காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது போஸ்டர்தான்.

"என்ன மாப்ள, ஒட்டாதேன்னு எழுதிப்புட்டு நீங்களே காது குத்துறீகளா? யாருக்கு?"

"எவனோ ஒட்டிட்டுப் போயிட்டான் மச்சான்."

"கிழிச்சு எறியவா?" சுவரை நோக்கி நடந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

சாப்பிடும்போது சொன்னார். "நம்ம வெத்தலைக் கொடிக்கால ரோடு போட எடுத்துக்கிட்டாக. பணம் வந்துருச்சு. மதுரைக்குள்ள ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கேன். வெளியாள்ட்ட வாங்கப் பயமா இருக்கு மாப்ள, அம்புட்டும் வில்லங்கம். தெரிஞ்ச எடமாப் பாருங்க."

"எங்க வீடு மாதிரிப் பாருண்ணே. வெளிச்சமா இருக்கும்" என்றாள் மனைவி, குழம்பு ஊற்றிக்கொண்டே.

"மாதிரி எதுக்கு? உன் வீட்டையே குடு. கீழ நான் இருக்கேன், மாடியில நீங்க இருந்துக்கங்க."

மூவரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். 'சரி, எடுத்துக்கங்க மச்சான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் எழுந்து போய் அந்தப் போஸ்டரைக் கிழித்துக் காட்ட வேண்டும். கடன் வாங்கியவன் என்று தெரிவதைவிட, மறைத்தவன் என்று தெரிவதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

அறுபது நாள் முடிந்தது. வீடு வங்கி வசமானது என்ற அடுத்த அறிவிப்பை ஒட்ட அதே அதிகாரி வந்தபோது மனைவிதான் கேட்டைத் திறந்தாள். எங்களுக்கு ஒன்றுமே தெரியாதே என்றாள். "ஏற்கனவே ஒட்டியிருக்கோமே மேடம்" என்று செல்போன் படத்தைக் காட்டிவிட்டு, போஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். மழையில் ஊறிய காகிதம், மாமன்மாரோடு சேர்ந்து உரிந்து வந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அடியில் இருந்ததில் பாதி உரிந்துபோயிருந்தது. மீதியை அவள் நின்றபடியே படித்தாள். உள்ளே வந்து, "எனக்குக் காது குத்தி அறுபத்தி ரெண்டு வருசமாச்சு. நீங்க இன்னொருக்கக் குத்தியிருக்கீக" என்றாள். அவ்வளவுதான்.

ஏல அறிவிப்பு வருவதற்குள் விற்க அப்போதும் வழி இருந்தது. மைத்துனருக்குப் போன் செய்தோம். வண்டியூரில் ஒரு வீட்டை முந்தின வாரம்தான் பத்திரம் முடித்திருந்தார். வெளியாட்கள் வந்து பார்த்தார்கள். சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, விலையைக் குறைத்துக் கேட்டார்கள். வீடு ஏலத்தில்தான் போனது. அதிகாரி சொன்னபடியே அடிமாட்டு விலை. கடன் போக மிஞ்சியது கொஞ்சம்.

சாமான் கட்டிய அன்று, மனைவி பாத்திரங்களைப் பழைய சேலையில் முடிந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே வீட்டைக் குடுன்னு கேட்டாரே. அன்னைக்கு அந்த அறுபதுல எத்தனாவது நாளு?"

நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. "பன்னெண்டாவது" என்றேன். முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

இப்போது வண்டியூரில் மைத்துனர் வீட்டு மாடியில் இருக்கிறோம். கீழே அவர், மேலே நாங்கள். வாடகை கொடுத்தால் வாங்குவதில்லை. என்னைக் கேலி செய்வதும் இல்லை. படியில் எதிர்ப்பட்டால், "சாப்ட்டீகளா மாப்ள" என்று கேட்டுவிட்டு, ஒதுங்கி வழிவிடுகிறார்.