கோகிலாவின் பெயர் இல்லாத கட்டுரை

“அக்கா காலைல தவறிப் பூட்டாங்க சார். அவங்க ஃபோன்ல உங்க பேரு இருந்துச்சு, அதான் சொல்றேன்” என்றார் கோகிலாவின் தம்பி. சிறுநீரகம் பழுதாகி ஒரு வருடமாகக் கோகிலா படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒருமுறை பொன்னேரிப் பக்கம், கடலோரக் கோட்டைக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவர் அப்பா, “அங்க இன்னாம்மா பண்ற?” என்று கேட்டார்.

“ஒடம்புல எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான் நைனா. அது புரதத்து மேல சுத்திக்கினு கெடக்கும். இறுக்கமா சுத்தின எடத்துல ஜீன் வேலை செய்யாது. எங்க சுத்தணும், எங்க விடணும்னு அந்த எழுத்து வரிசையே பாதி சொல்லிடுதுன்னு நான் சொல்றேன்.”

“நீ சொன்னா ஒத்துக்குவாங்களா?” என்றார் அவர்.

ஒத்துக்கொள்ளவில்லை. டிஎன்ஏவில் ‘ஏ’ என்ற எழுத்து தொடர்ந்து வரும் இடம் விறைப்பானது, எளிதில் வளையாது, அதனால் புரதத்தின் மேல் சுற்றிக்கொள்ளாது. ஈஸ்ட்டில் ஒரு ஜீனுக்கு முன்னால் அந்தத் தொடரை நீட்டினார் கோகிலா. ஜீன் கூடுதலாக வேலை செய்தது. வேறு ஏதோ புரதம் வந்து திறந்திருக்கும் என்றார் எங்கள் வழிகாட்டி. உடனே டிஎன்ஏவையும் அதைச் சுற்றவைக்கும் புரதத்தையும் மட்டும் சோதனைக்குழாயில் சேர்த்துப் பார்த்தார் கோகிலா. அதே இடம்தான் திறந்து கிடந்தது.

அந்த மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் அப்பா இறந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து அவர் திரும்பியபோது அந்தச் சோதனைகளைப் பற்றிய கட்டுரை வெளியாகியிருந்தது. வழிகாட்டியின் பெயர் முதலில். என் பெயர் மூன்றாவதாக. கோகிலாவின் பெயர் எங்கும் இல்லை.

“இதுல நீ இன்னா செஞ்ச சேகர்?”

“நான் கேக்கல. அவரேதான் போட்டாரு.”

“வேணாம்னு சொன்னியா?”

கிடைக்கப்போகும் வேலையை நினைத்துக்கொண்டு நின்றேன். கோகிலா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊராரின் சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கட்டுரையைக் காட்டிப் பேராசிரியரானேன்.

கோகிலா இறந்த செய்திக்கு ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் வழிகாட்டி எழுதினார்: “எளிய குடும்பத்துத் திறமைசாலி. பாதியில் விட்டுவிட்டார்.” எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள்.

காரியத்தன்று கோகிலாவின் தம்பி அவருடைய சோதனைக் குறிப்பேடு ஒன்றைத் தந்தார். அதன் நகலைக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு அனுப்பி, என் பெயரை எடுத்துவிட்டுக் கோகிலாவின் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். பதில் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் குறிப்பேடுதான். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: “இன்று குழாய்களைக் கழுவித் தந்தது சேகர். கட்டுரையில் மறக்காமல் நன்றி சொல்ல வேண்டும்.”