நீர்பாய்ச்சி மாமுவின் படம்

அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. தலையில் கட்டு, கட்டுக்கு மேல் வெள்ளைத் தொப்பி, பின்னால் பாதி வற்றிய கண்மாய். அழிக்க நினைக்கும்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரே கண்மாய். மடை திறந்து, முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர் நீர்பாய்ச்சி. அந்தப் பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவருக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். அவருக்கு எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லை. எங்கள் நீர்பாய்ச்சியான மாமு முஸ்லிம் என்பதை அதில் எவரும் யோசித்ததில்லை. இரண்டு ஊரிலும் இரண்டு மதத்தாரும் உண்டு. மழை பொய்த்த வருடம் முறைத் தண்ணீருக்காக இரண்டு ஊரும் மடையடியில் மோதின. விலக்கப் போன மாமுவின் மண்டை உடைந்தது.

வடக்கிலிருந்து ஒரு பத்திரிகையாளர் வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், மொழிபெயர்க்க அழைத்தார்கள். அவர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து எங்கள் தெருவுக்குள் போனேன். முஸ்லிம் என்பதால் அடித்தார்களா என்று மாமுவிடம் மூன்று முறை, மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் மாமு சிரித்தார். "அந்தப் பய கம்ப ஓங்குனது அவன் மச்சினனுக்கு, தாயி. குறுக்க போனது என் மண்டை. சின்னப் புள்ளையிலேயே அவனுக்குக் குறி கெடையாது, கல்லெறிஞ்சு ஒரு மாங்கா விழுந்ததில்ல."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. படம் எடுக்கும்போது, தொழுகைத் தொப்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வேலையிடத்தில் மாமுவின் தலையில் துண்டுதான் இருக்கும், தொப்பி வெள்ளிக்கிழமைக்கு. எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், அவர் முன்னால் மறுத்துப் பேச மனமில்லாமல், "தொப்பியப் போட்டுக்கங்க மாமு, படம் நல்லா வரும்" என்றேன்.

கட்டுரையில் மடை இல்லை, முறைத் தண்ணீர் இல்லை. மதத்துக்காக அடிபட்ட ஒரு கிழவர் மட்டும் இருந்தார். அதுவரை அவரை மாமு என்று அழைத்த பக்கத்து ஊர்க்காரர்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். "எங்கள மதவெறி புடிச்சவங்களாக் காட்டிட்டீகளே, பாய்." அடுத்த மழைக்கு மடை திறக்க வேறு ஆளை வைத்தார்கள். எங்கள் ஊரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

போன மாதம் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் மாமுவைப் பார்த்தேன். கூட்டத்தில் முண்டியேறி எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னப்ப, வேணாம்னுருக்கலாம்ல மாமு?"

கோபமே இல்லாமல் சொன்னார்: "படிச்ச புள்ள, நம்ம புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு போட்டேன் தாயி."