மூக்குக் குழாயோடு ஒரு பொங்கல்

முதலில் வந்தது ஒரு புண். நாக்கின் இடது ஓரத்தில், மிளகு அளவு. கடைவாய்ப் பல் உரசுகிறது என்று நானே தீர்ப்பு சொல்லி, நானே தேன் தடவிக்கொண்டேன். "பேசிப் பேசியே தேஞ்சு போச்சு, கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க" என்றாள் என் மனைவி வசந்தா. இருவரும் சிரித்தோம். ஆயுத பூஜைக்குள் புண் சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சிரிப்பு மிளகு அளவுக்கு இறங்கிவிட்டது.

நாங்கள் இருபது வருடமாக நாக்பூர்வாசிகள். அங்கே இயந்திர உதிரிபாகங்கள் விற்கிறேன்; அதாவது நாக்கை வைத்துப் பிழைப்பு. பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவை, புற்றுநோய் என்று, அங்கே இந்தியில் சொன்னார்கள். எனக்கு இந்தியில் வியாபாரம் செய்ய வரும், பயப்பட வராது. ப்ளஸ் டூ படிக்கும் மகளை அவள் தோழி வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்தோம். பொன்மலையில் இருக்கும் மச்சான், ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்.

"நாக்குல கிட்டத்தட்டப் பாதி எடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்துல உங்க முன்கைத் தோலை வெச்சுத் தைப்போம்" என்றார் டாக்டர்.

"கையில முடி இருக்கே, டாக்டர்?"

"நாக்குலயும் கொஞ்சம் முளைக்கும். கதிர்வீச்சு குடுத்தா பெரும்பாலும் கொட்டிடும்."

"அப்ப நாக்குலயும் வழுக்கையா?" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். முழு நாக்கோடு நான் அடித்த கடைசி ஜோக் அது.

அதன்பிறகு என் பேச்சு வசந்தாவுக்கு மட்டும் புரிகிற மொழியாகிவிட்டது. சாப்பாடு ரைல்ஸ் குழாய் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியே. வடிகட்டிய ராகிக் கஞ்சியை அவள் சிரிஞ்சில் ஊற்றுவாள். அது இறங்குவதை நான் மூக்குக்குக் கீழே பார்த்துக்கொண்டிருப்பேன். எச்சில் ஒழுகும். தோளில் எப்போதும் ஒரு துண்டு. அரசியலில் சேர்ந்துவிட்டேன் என்று மகளிடம் போனில் சொன்னேன். "என்னப்பா சொல்றீங்க?" என்றாள். வசந்தா மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்த ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை, மரியாதைக்குத்தான் சிரிப்பார்கள்.

மறுபடி விழுங்க வருமா? எனக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான். "கதிர்வீச்சு முடியட்டும், பார்ப்போம். சிலருக்கு வரும், சிலருக்குக் குழாயோடவே போயிடும்" என்றார் டாக்டர். எங்கே போயிடும் என்று நான் கேட்கவில்லை.

பொங்கலன்று கதிர்வீச்சு மெஷினுக்கும் லீவு. தினமும் காவிரிப் பாலம் தாண்டி ஆட்டோவில் போய் வெந்துவிட்டு வருகிறவனுக்கு அன்று போக்கிடமே இல்லை. தெருவெல்லாம் நெய் வாசனை. நாக்கைத்தான் வெட்டினார்கள்; மூக்கில் குழாயைச் செருகியும் அது வாசனை பிடிப்பதை நிறுத்தவில்லை.

கீழ்வீட்டு மாமி, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசலோடு வந்தார்.

"பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின பிரசாதம். ஒரு பருக்கையாவது வாயில போட்டுக்கோங்கோ. ஒண்ணும் ஆகாது."

"இல்லைங்க மாமி, சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னுட்டாங்க. நுரையீரலுக்குள்ள போயிடுமாம்" என்றாள் வசந்தா.

"ரங்கத்துல பண்டிகைக்கு இருக்கறதுக்கே கொடுத்துவெச்சிருக்கணும். பெருமாளுக்கு நன்றி சொல்லிண்டே இருங்கோ."

நல்ல மனுஷிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததே, நன்றி சொல்லு. பாதி நாக்கு மிச்சமிருக்கிறதே, நன்றி சொல்லு. பாதி நாக்கை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குத்தான் நன்றி சொல்வது?

மாமி போனதும் வசந்தா தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனேன். மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றபடி அவசர அவசரமாக அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்தாள்.

"தூக்கைக் கழுவலாம்னு வந்தேங்க."

கன்னத்தில் முந்திரித் துண்டு ஒட்டியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவள் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். டேங்குக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மாடிப்படியில், குளியலறை வாசலில். என் எதிரே ஒரு கவளம் எடுத்ததில்லை.

கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். "என் முன்னாடி சாப்பிடு. எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே சாப்பிடு."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

"இனிப்பா இருக்கு."

"அடிப்பாவி, அது எனக்குத் தெரியாதா!"

அவள் யோசித்தாள். "பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை ஜாஸ்தி. முந்திரி நமத்துப் போச்சு. அடியில லேசா தீஞ்சிருக்கு, அதுதாங்க நல்லா இருக்கு."

அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

உடனே எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது என்று எழுத ஆசைதான். வந்தது வயிற்றெரிச்சல். ஒவ்வொரு வாய்க்கும் அவளைச் சபித்தேன். தூக்கைக் காலிசெய்துவிட்டு, எச்சில் கையைக்கூடக் கழுவாமல் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். இத்தனை வாரத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. லேசான குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், யாரும் சொல்லச் சொல்லாத ஒரு நன்றி வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. விலாசம் தேடவும் இல்லை.

இதைப் படிக்கிற நோயாளிகளுக்கு: நன்றி வரவில்லையென்றால் விடுங்கள், அது மருந்துச்சீட்டில் இல்லை. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: எங்கள் எதிரிலேயே சாப்பிடுங்கள். நாங்கள் எரிவோம். எரிந்துவிட்டுப் போகிறோம்.

கதிர்வீச்சு முடிந்த பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். நாக்பூர் திரும்பிவிட்டோம். ஒட்டிய பாதிக்குச் சுவை தெரியாது. கதிர்வீச்சுக்கும் தப்பிய சில முடிகள் அங்கே முளைக்க, நாக்பூர் டாக்டர் கத்தரிக்கிறார். தலையைச் சாய்த்து, மோவாயை இறக்கி, ஒவ்வொரு கவளத்தையும் தள்ளி அனுப்ப வேண்டும். பழைய வியாதி திரும்பியிருக்கிறதா என்று பரிசோதனைக்குப் பரிசோதனை தவணையில் வாழ்கிறேன். இரண்டு இட்லி முடிவதற்குள் அரை நாள் போய்விடும்போல் இருக்கிறது.

வசந்தா எப்போதோ சாப்பிட்டு முடித்திருப்பாள். ஆனால் எதிரே ஒருவர் சாப்பிடும்போது எழுந்து போகக் கூடாதென்று, சட்னி காய்ந்து விரல்களில் வெடிக்கிற கையோடு உட்கார்ந்திருப்பாள்.

"போய்க் கையக் கழுவேன்."

"பேசாதீங்க. முழுங்குங்க மொதல்ல."